பழைய டிவி கேமைக் கையடக்கமாக மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

டிவியில் மாட்டி ஆடும் பழைய 8 பிட் கேம் மெஷின் ஒன்றின் போர்டை எடுத்து, அதோடு சின்னத் திரை, பேட்டரி, ஸ்பீக்கர், பட்டன்கள் எல்லாவற்றையும் சேர்த்து, கையில் பிடித்து ஆடும்படி ஒரே பெட்டிக்குள் அடைப்பதுதான் இங்கே வேலை. பழைய கேசட்டைச் செருகினால் அது ஓட வேண்டும். எமுலேட்டர் (பழைய மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்ட ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு போதும் என்பவர்களுக்கு அது வேறு வேலை, இதைவிடச் சுலபமான வேலை.

முதன்முறை செய்பவர்கள் பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் சொல்கிறேன்: சால்டரிங் தெரியாமல் கெடுத்தவர்கள் குறைவு, வரிசை மாறிக் கெடுத்தவர்கள்தான் அதிகம். திரை வந்து சேர்வதற்கு முன்பே பெட்டியில் ஓட்டை வெட்டிவிடுவார்கள். அல்லது பேட்டரி, திரை, ஸ்பீக்கர், கன்ட்ரோலர் நான்கையும் ஒரே இரவில் இணைத்துவிட்டு, படம் வரவில்லை என்றதும் எங்கே தேடுவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

அதனால் இரண்டு விஷயங்களை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்றம் செய்தால் உடனே ஓட்டிப் பாருங்கள், ஓடினால் மட்டும் அடுத்ததுக்குப் போங்கள். பெட்டி கடைசி வேலை.

1. எந்த மெஷினை எடுப்பது

நம் ஊரில் முன்பு டிவி கேம் என்று விற்றவற்றில் பெரும்பாலானவை நின்டெண்டோவின் ஃபேமிகாம் மெஷினின் நகல்கள்தான். மேலே 60 பின் கேசட் ஸ்லாட், பக்கத்தில் இரண்டு ஜாய்ஸ்டிக், பின்னால் படமும் ஒலியும் டிவிக்குப் போகும் ஏவி ஜாக். முதல் முயற்சிக்கு இதையே எடுங்கள்.

காரணம், இதற்கு 5 வோல்ட் ஒன்றே போதும். நின்டெண்டோ 64 எடுத்தால் 3.3 வோல்ட், 12 வோல்ட் என்று இரண்டு தனித்தனி சப்ளை வேண்டும். முதல் பிளேஸ்டேஷனில் சுழலும் டிஸ்க்கும் லேசரும் இருக்கின்றன, கையில் ஆட்டிக்கொண்டே ஆடுவதற்கு அது ஒத்துவராது. நின்டெண்டோவின் வீ (Wii) மெஷினின் போர்டை வெட்டிச் சுருக்கிக் கையடக்கம் செய்கிறார்கள், உண்மைதான், ஆனால் அது நான்கைந்து போர்டுகளைக் கையாண்டு பழகியவர்களுக்கான வேலை. நகல் மெஷினில் கேசட்டைத் தவிர அசையும் பாகம் எதுவும் கிடையாது, கெட்டால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம்.

பிரித்துப் பார்த்தால் போர்டின் நடுவில் ஒரு கறுப்புக் குமிழ் தெரியும். ப்ராசஸர், படம் உருவாக்கும் பகுதி, ஒலி எல்லாம் அந்தக் குமிழுக்குள்தான். இதுதான் நமக்கு வேண்டியது, சிறியது, கரன்டும் குறைவாக எடுக்கும். குமிழுக்குப் பதில் நீளமான 40 கால் சிப்கள் இரண்டு இருந்தால் அது முந்தைய தலைமுறை நகல். அதுவும் ஆகும், ஆனால் போர்டு பெரிது, பேட்டரி சீக்கிரம் தீரும்.

ஜப்பானில் விற்ற அசல் ஃபேமிகாம் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். அவை இனி வரப்போவதில்லை.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

எல்லாம் வந்து சேர்ந்த பிறகே மெஷினைப் பிரியுங்கள். பாதி வேலையில் பாகத்துக்காகக் காத்திருக்கும்போதுதான் ஸ்க்ரூ தொலைகிறது, எந்த வயர் எங்கே இருந்தது என்பதும் மறந்துபோகிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்றுப் போனாலே பெரும்பாலும் எல்லாம் கிடைத்துவிடும், மற்றவர்கள் ஆன்லைனில் வாங்கலாம்.

பாகங்கள்: வேலை செய்யும் மெஷினும் ஜாய்ஸ்டிக்கும், நன்றாக ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேசட், ஏவி உள்ளீடு உள்ள சின்ன எல்சிடி திரை, ஒன்று அல்லது இரண்டு 18650 லித்தியம் செல், அதற்கு ஹோல்டர், பாதுகாப்பு சர்க்யூட் உள்ள டிபி4056 சார்ஜர் மாட்யூல், வோல்ட்டை உயர்த்தும் எம்டி3608 பூஸ்ட் மாட்யூல், பிஏஎம்8403 ஆம்ப்ளிஃபையர், 8 ஓம் சின்ன ஸ்பீக்கர், 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், 2 ஆம்பியர் தாங்கும் ஸ்விட்ச், 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டு.

கருவிகள்: மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ், ஈயம் உறிஞ்சும் பம்ப், மெல்லிய வயர், கொஞ்சம் தடித்த வயர், ஹீட் ஷ்ரிங்க் குழாய், ஆக்ஸா பிளேடு, அரம், உப்புத்தாள். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். மற்ற எதற்கும் மாற்று வழி இருக்கிறது, அதற்கு இல்லை.

செல்லில் ஒரு எச்சரிக்கை. 18650 அளவில் நல்ல கம்பெனி செல்களே பெரும்பாலும் 3500 மில்லிஆம்பியர் மணி சுமாரோடு நின்றுவிடும். 9900 என்று அச்சடித்து விற்றால் போலி, பேசாமல் நகர்ந்துவிடுங்கள். நல்ல செல் 45 கிராம் சுமாருக்கு இருக்கும், போலிகள் பெரும்பாலும் கையில் எடுத்ததுமே லேசாகத் தெரியும்.

3. பிரிப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

மெஷினை அப்படியே டிவியில் மாட்டி, அதனுடைய அடாப்டரிலேயே, அரை மணி நேரம் ஆடுங்கள். நிறம் சரியா, சத்தம் சரியா, எட்டு பட்டனும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பரணில் கிடந்த மெஷினில் ஏற்கெனவே இருந்த கோளாறை, தான் செய்த வேலையால் வந்தது என்று நினைத்து நாள் கணக்கில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

படம் குழம்பி வந்தால் முதலில் கேசட்டின் காப்பர் விரல்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் நாளடைவில் காப்பரை அரிக்கும்.

அப்புறம் பிரியுங்கள். போர்டின் இரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயரின் நிறமும் அது எங்கே சேர்கிறது என்பதும் போட்டோவில் தெரிய வேண்டும். இந்த மெஷின்களில் வயர் நிறத்துக்கு எந்த ஒழுங்கும் கிடையாது, சிவப்பு பாசிட்டிவாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

இந்தக் கட்டத்திலேயே இன்னொரு அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடாப்டரின் பாசிட்டிவ் வயரைத் துண்டித்து, மல்டிமீட்டரின் ஆம்பியர் துளையில் ப்ரோபை மாற்றி, இடையில் சேர்த்து, கேம் ஓடும்போது எவ்வளவு கரன்ட் போகிறது என்று குறித்து வையுங்கள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்குக்கு இந்த எண்தான் அடிப்படை. அளந்து முடித்ததும் ப்ரோபை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மாற்ற மறந்து வோல்ட் அளக்கப் போனால் நேராக ஷார்ட் ஆகும்.

4. 5 வோல்ட்டை நேராகக் கொடுப்பது

போர்டிலோ பக்கத்தில் உள்ள சின்ன போர்டிலோ மூன்று கால் உள்ள 7805 என்ற ரெகுலேட்டர் இருக்கும், பெரும்பாலும் அலுமினியத் தகட்டில் ஸ்க்ரூ போட்டு. அடாப்டரிலிருந்து வரும் 9 வோல்ட்டை அது 5 வோல்ட்டாகக் குறைக்கிறது, மிச்சத்தைச் சூடாக வெளியே விடுகிறது. உள்ளே போவது குறைந்தபட்சம் 7 வோல்ட்டாவது இருந்தால்தான் அது ஒழுங்காக 5 வோல்ட் தரும். நம்முடைய செல்லோ 3.7 வோல்ட். ஆகவே இதை எடுத்துவிட்டு, 5 வோல்ட்டை வேறு இடத்தில் உருவாக்கி நேராகத் தரப்போகிறோம்.

எழுத்து உங்களைப் பார்க்கும்படி வைத்தால் இடது கால் உள்ளீடு, நடுக்கால் கிரவுண்ட் (சப்ளையின் மைனஸ் பக்கம்), வலது கால் வெளியீடு. எடுப்பதற்கு முன் மெஷினை ஓட்டி, நடுக்காலுக்கும் வலது காலுக்கும் இடையே 5 வோல்ட் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்து, அந்த இரண்டு புள்ளிகளையும் மார்க்கரில் குறியுங்கள். அப்புறம் ரெகுலேட்டரைக் கழற்றுங்கள்.

இப்போது நல்ல 5 வோல்ட் யுஎஸ்பி மொபைல் சார்ஜர் ஒன்றின் வயரை வெட்டி, குறித்த இரண்டு புள்ளிகளில் கொடுத்து டிவியில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரிக்குப் போகும் முன் இப்படிச் செய்யச் சொல்வதற்குக் காரணம், இங்கே படம் வந்துவிட்டால் போர்டு பக்கம் தவறில்லை என்று உறுதியாகிவிடும். பிற்பாடு பேட்டரியில் ஓடவில்லை என்றால் போர்டைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பழைய ஆன் ஆஃப் ஸ்விட்ச் பெரும்பாலும் 7805க்கு முன்னால் இருப்பதால் இனி அது வேலை செய்யாது. சரி, அதை விட்டுவிடலாம். ரீசெட் பட்டனை மட்டும் விடாதீர்கள். பல கேம் உள்ள கேசட்டுகளில் பட்டியலுக்குத் திரும்ப ரீசெட் ஒன்றே வழி, பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்காமல் விட்டு, பிறகு ஒவ்வொரு முறையும் மெஷினை அணைத்துப் போடுகிறவர்கள் நிறைய.

5. திரை

கார்களில் ரிவர்ஸ் கேமராவுக்கு மாட்டும் சின்ன மானிட்டர்தான் எளிதில் கிடைப்பது. எல்லோரும் 4.3 அங்குலத்தை வாங்குகிறார்கள், பெரிது என்பதால். ஆனால் அது 16:9, நம் கேமின் படம் 4:3. அந்தத் திரையின் காட்சிப் பகுதி ஏறக்குறைய 95 மி.மீ. அகலம், 54 மி.மீ. உயரம். அதில் 4:3 படத்தை நீட்டாமல் காட்டினால் 72 மி.மீ. அகலம்தான் பயன்படும், மீதி கறுப்புப் பட்டை. 3.5 அங்குல 4:3 திரையின் காட்சிப் பகுதி 70 மி.மீ.க்கு 53 மி.மீ. அதாவது படத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றே, பெட்டி மட்டும் இரண்டரை செ.மீ. ஒல்லியாகும். பல கார் மானிட்டர்களில் அகலத்தை மாற்றும் வசதியே கிடையாது, எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். நான் 3.5 அங்குலத்தைத்தான் சொல்வேன்.

முதலில் மானிட்டரை 12 வோல்ட் அடாப்டரில் போட்டு, மெஷினின் வீடியோ ஜாக்கிலிருந்து இணைப்புக் கொடுத்துப் பாருங்கள். பிறகு 5 வோல்ட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். குறைந்த வோல்ட் கொடுப்பதால் எதுவும் கெடாது, சில மானிட்டர்கள் அப்படியே ஓடிவிடும்.

ஓடாவிட்டால் பிரித்து, 12 வோல்ட்டில் ஓடும்போது, உள்ளே சின்ன எட்டுக்கால் சிப்புக்குப் பக்கத்தில் உள்ள காயிலின் சிப் சேராத முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். அங்கே 5 வோல்ட் இருந்தால், அந்தச் சிப்பை எடுத்துவிட்டு அந்த முனையில் நம் 5 வோல்ட்டைக் கொடுக்கலாம். வேறு ஏதாவது எண் வந்தால் உள்ளே கை வைக்காதீர்கள். இன்னொரு எம்டி3608 வாங்கி 12 வோல்ட்டுக்குச் செட் செய்து திரைக்கு மட்டும் கொடுங்கள். கொஞ்சம் பேட்டரி வீணாகும், திரை பிழைக்கும்.

வீடியோ வயரை எங்கே எடுப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். குமிழிலிருந்து நேராக எடுக்காதீர்கள். குமிழுக்கும் ஜாக்குக்கும் இடையே ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருக்கும், சிக்னலுக்கு வலுக் கொடுப்பது அதுதான். அதைத் தாண்டி, மஞ்சள் ஜாக் இருந்த இடத்திலிருந்தே எடுங்கள். இல்லாவிட்டால் படம் மங்கும், உருளும். ஆன்டெனா வயருக்கான தகரப் பெட்டியை எடுத்தால் நிறைய இடம் மிச்சமாகும், ஆனால் சில மாடல்களில் அந்த டிரான்சிஸ்டர் தகரப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மூடியைத் திறந்து பார்க்காமல் கழற்ற வேண்டாம்.

இன்னொன்று, வாத்து சுடும் துப்பாக்கி இதில் வேலை செய்யாது. அது பழைய குழாய் டிவியில் படம் வரையப்படும் நேரத்தை நம்பி இயங்குவது. அந்தப் பிளக்கைப் பெட்டியில் வைத்து இடத்தை வீணாக்காதீர்கள்.

6. பேட்டரி

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். லித்தியம் செல் கோபித்துக்கொண்டால் போர்டோடு போகாது, கையும் மேசையும் சேர்ந்து கருகும்.

டிபி4056 மாட்யூல் இரண்டு வகை. வெளியீட்டுப் பக்கம் நான்கு புள்ளி உள்ளதில்தான் பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறது. இரண்டு மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். செல்லை பி பிளஸ், பி மைனஸ் என்ற புள்ளிகளில் இணைக்க வேண்டும். மெஷினுக்குப் போகும் வயரை அவுட் என்று எழுதிய புள்ளிகளிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். மெஷினையும் செல் புள்ளிகளிலேயே இணைத்தால் ஓடும், எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனால் பாதுகாப்பு சர்க்யூட் அந்த வழியில் இல்லை. செல் அளவுக்கு மீறி வடிந்து சாகும், ஷார்ட் ஆனால் தடுக்க ஆளில்லை.

செல்லை முதன்முதலில் மாட்டியதும் அவுட் புள்ளிகளில் வோல்ட் வராமல் போகலாம். மாட்யூல் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். சார்ஜர் வயரை ஒருமுறை செருகி எடுத்தால் பாதுகாப்பு சர்க்யூட் விழித்துக்கொள்ளும்.

அடுத்தது எம்டி3608. செல்லின் 3 முதல் 4.2 வோல்ட் வரை உள்ளதை இது 5 வோல்ட்டாக உயர்த்தும். கடையிலிருந்து வரும்போது இது எத்தனை வோல்ட்டில் இருக்கும் என்று சொல்லவே முடியாது, இந்த மாட்யூல் 28 வோல்ட் வரை கூடப் போகும். கேம் போர்டைச் சாகடிக்கும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்: செட் செய்யாமல் இணைப்பது. எதையும் இணைக்காமல், வெளியீட்டில் மீட்டரை வைத்து, பித்தளை ஸ்க்ரூவை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். முதல் பத்துச் சுற்று வரை எதுவும் மாறாமல் இருக்கலாம், பிறகு இறங்கத் தொடங்கும். 5.0 முதல் 5.1 வரை நிறுத்தி, ஸ்க்ரூ மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள். அதிர்வில் நகராது.

ஸ்விட்ச் டிபி4056இன் அவுட்டுக்கும் எம்டி3608இன் உள்ளீட்டுக்கும் இடையே வர வேண்டும். பூஸ்டருக்குப் பிறகு வைத்தால், அணைத்த பிறகும் பூஸ்டர் செல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் ஒரு ஆம்பியர் வரை போகும் என்பதால்தான் 2 ஆம்பியர் ஸ்விட்ச் கேட்டேன். பொம்மைகளில் வரும் குட்டி ஸ்லைடு ஸ்விட்ச்சுகள் பெரும்பாலும் அரை ஆம்பியரைக்கூடத் தாங்காது, சூடாகும், வோல்ட்டும் இறங்கும்.

கணக்கைப் பார்ப்போம். போர்டு 0.15 ஆம்பியர், திரை 0.4 ஆம்பியர் என்று உங்கள் மீட்டர் காட்டினால், 5 வோல்ட்டில் அது 2.75 வாட், ஸ்பீக்கரைச் சேர்த்து 3 வாட் என்று வையுங்கள். 2600 மில்லிஆம்பியர் மணி செல்லில் 3.7ஆல் பெருக்கினால் 9.6 வாட் மணி. பூஸ்டரில் போவது போக 8 மிஞ்சும். அதாவது இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். போதாது என்றால் இரண்டு செல்லைப் பக்கவாட்டில், பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸ்ஸோடு மைனஸ் சேருங்கள். சேர்ப்பதற்கு முன் இரண்டும் முழுதாகச் சார்ஜ் ஆகி ஒரே வோல்ட்டில் இருக்க வேண்டும், வித்தியாசம் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கட்டுப்பாடில்லாமல் கரன்ட் பாயும்.

செல்லின் மேல் நேராகச் சால்டர் வைக்காதீர்கள். ஹோல்டர் பயன்படுத்துங்கள், அல்லது தகடு வெல்டிங் செய்து விற்கும் செல்லை வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது ஆடவும் வேண்டாம், மெஷின் கரன்ட் எடுத்துக்கொண்டிருந்தால் செல் நிறைந்ததா என்று டிபி4056ஆல் சரியாகக் கணிக்க முடியாது. அந்த மாட்யூல் ஒரு ஆம்பியரில் சார்ஜ் செய்யும்போது நன்றாகவே சூடாகும், செல்லை ஒட்டி வைக்காமல் கொஞ்சம் காற்று போக இடம் விடுங்கள்.

7. சத்தம்

சிவப்பு அல்லது வெள்ளை ஜாக்கிலிருந்து ஆடியோவை எடுத்து, வால்யூம் கன்ட்ரோல் வழியாக பிஏஎம்8403இன் ஒரு சேனலுக்குக் கொடுங்கள். இந்த மெஷினில் ஒலி மோனோதான், இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பயனில்லை.

இங்கே ஒரே ஒரு முக்கிய விஷயம். இந்த ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் சிக்னல் ஓடுகிறது, மைனஸ் என்று எழுதியிருப்பது கிரவுண்ட் அல்ல. அதைக் கிரவுண்டில் தொட்டால் சிப் போய்விடும். ஹெட்ஃபோன் ஜாக்கை இதன் வெளியீட்டில் மாட்டவும் கூடாது, அதே காரணம்தான்.

ஸ்பீக்கரில் உய்ய்ங் என்ற இரைச்சல் வந்தால் ஆம்ப்ளிஃபையரின் 5 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட் ஒன்றை வையுங்கள். கிரவுண்ட் வயரைக் கேம் போர்டிலிருந்து எடுக்காமல் பூஸ்டரின் வெளியீட்டுப் புள்ளியிலிருந்தே தனியாக இழுங்கள். திரை, போர்டு, ஆம்ப்ளிஃபையர் மூன்றுக்கும் இப்படி ஒரே புள்ளியிலிருந்து கிரவுண்ட் பிரிந்தால், ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் ஏறாது.

8. கன்ட்ரோலரை வெட்டுவது

ஜாய்ஸ்டிக்கைப் பிரித்தால் அதற்குள்ளும் ஒரு குட்டிக் கறுப்புக் குமிழ் இருக்கும். எட்டு பட்டன்களின் நிலையை அது ஒரே வயர் வழியாக வரிசையாக மெஷினுக்கு அனுப்புகிறது. அதனால்தான் எட்டு பட்டனுக்கும் ஐந்து வயர் போதுமாகிறது: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. அந்தக் குமிழைக் காப்பாற்றினால் மற்றதை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம்.

முதலில் நீளமான கேபிளை எடுத்துவிட்டு, மீட்டரின் பீப் மோடில் (இணைப்பு இருந்தால் சத்தம் எழுப்பும் நிலை) ஒவ்வொரு வயரும் மெஷினில் எந்தப் பின்னில் சேர்கிறது என்று கண்டுபிடித்து, குட்டை வயரால் இணைத்து, ஓட்டிப் பாருங்கள். வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

திரையின் இடப்பக்கம் திசைப் பட்டன், வலப்பக்கம் ஏ, பி. போர்டை இரண்டாக வெட்டும் கோட்டை மார்க்கரில் போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு காப்பர் பாதைக்கும் இரு பக்கமும் ஒரே எண் எழுதுங்கள். இந்தப் பழுப்பு நிறப் போர்டு எளிதில் உடையும், கட்டர் வைத்து நறுக்கினால் தாறுமாறாகப் பிளக்கும். ஆக்ஸா பிளேடால் மெதுவாக அறுங்கள், மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டனுக்கு அடியில் கறுப்பாகத் தெரியும் பரப்பு கார்பன் பூச்சு. அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, எவ்வளவு நேரம் சூடு வைத்தாலும் போர்டுதான் கருகும். அதற்கு முன்னால் வரும் பச்சைப் பாதையைக் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டினால் பளபளவென்று காப்பர் தெரியும், அங்கே ஃப்ளக்ஸ் தொட்டுப் பற்றவையுங்கள்.

ரப்பர் மெத்தைகளை எறியாதீர்கள். அவற்றுக்குப் பதிலாகக் குட்டி டக் டக் ஸ்விட்ச் வைக்கலாம் என்று பலருக்கும் தோன்றும், ஆனால் ஒரு மணி நேரம் ஆடினால் கட்டை விரல் வலிக்கும்.

9. கேசட் ஸ்லாட்

இருக்கும் இடத்திலேயே விடுங்கள். ஸ்லாட்டை வயரில் நீட்டி வேறு இடத்தில் வைத்தால் பெட்டி மெலிதாகும் என்பது உண்மை, ஆனால் 60 வயரை இரண்டு முனையிலும் பற்றவைக்க வேண்டும், ஒன்று தவறினாலும் படம் சிதறும். முதல் மெஷினில் கேசட் பின்பக்கம் துருத்திக்கொண்டு நின்றால் பரவாயில்லை.

செய்தே தீருவேன் என்றால் வயர் 10 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கின் 40 வயர் ரிப்பன் கேபிள் இதற்கு அருமையாக உதவும். 80 வயர் உள்ளதை எடுக்காதீர்கள், அதில் ஒன்றுவிட்டு ஒன்று கிரவுண்டோடு சேர்ந்தது. ஒவ்வொரு பத்து வயருக்கும் பீப் சோதனை, பக்கத்துப் பின்னோடு ஷார்ட் இல்லையா என்ற சோதனை. எல்லாம் முடிந்து படம் நன்றாக வந்து சத்தம் மட்டும் இல்லை என்றால் 45, 46 பின்களைப் பாருங்கள். ஃபேமிகாம் அமைப்பில் ஒலி 45 வழியாகக் கேசட்டுக்குப் போய் 46 வழியாகத்தான் திரும்பி வருகிறது.

10. மேசையில் முழுதாக ஓட்டுவது

எல்லாம் இணைந்து, பெட்டி இல்லாமல், மேசையில் பரப்பி, முழுச் சார்ஜிலிருந்து பாதுகாப்பு சர்க்யூட் தானாக அணைக்கும் வரை ஒரே மூச்சில் ஓட்டுங்கள். பத்து நிமிடம் ஓடியதும் பெட்டிக்குத் தாவுவதுதான் நான் அதிகம் பார்க்கும் அவசரம். சூடு அரை மணி நேரத்துக்கு அப்புறம்தான் தெரியும். செல் வடிய வடிய பூஸ்டர் அதிகக் கரன்ட் இழுக்கும், படத்தில் கோடு ஓடுவதெல்லாம் அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான் வெளிப்படும்.

கோடு வந்தால் போர்டின் 5 வோல்ட் புள்ளியில் இரண்டாவது 470 மைக்ரோஃபாரட், பூஸ்டரிலிருந்து வரும் வயரைத் தடித்ததாக மாற்றுதல், இந்த இரண்டில் பெரும்பாலும் சரியாகும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், டிவியில் நிறம் வந்ததா என்று நீங்கள் மூன்றாம் படியில் பார்த்த குறிப்புக்குப் போங்கள். அங்கே வந்து இங்கே வரவில்லை என்றால் வீடியோ எடுத்த இடம் தவறு, அல்லது மெஷின் அனுப்பும் டிவி சிக்னல் முறையை மானிட்டர் ஏற்கவில்லை. நகல்களில் 21.477 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருந்தால் என்டிஎஸ்சி (NTSC) முறை, 26.601 இருந்தால் பால் (PAL) முறை. படிகத்தின் உலோக மூடியிலேயே எண் இருக்கும், மானிட்டர் வாங்கும்போது இரண்டையும் ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

11. இப்போது பெட்டி

பாகங்களை வரைபடத்தாளில் வைத்து விளிம்பு வரைந்து, பிறகு அட்டையில் ஒரு மாதிரிப் பெட்டி செய்து, உள்ளே எல்லாவற்றையும் வைத்து, பத்து நிமிடம் கையில் பிடித்து உட்காருங்கள். எடை எங்கே சாய்கிறது என்பது அப்போதுதான் தெரியும். கேசட் மேல்பகுதியில் நின்றால் மெஷின் முன்னோக்கிக் கவிழப் பார்க்கும். செல்களைக் கீழ்ப்பக்கம் இரு உள்ளங்கைக்கு அருகே பிரித்து வைத்தால் சரியாகும்.

கடையில் கிடைக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டி போதும், 3டி பிரின்டர் கையில் இருந்தால் அதுவும் நல்லது. உயரத்தைக் கணக்கிடும்போது கேசட், ஸ்லாட், போர்டு, திரை நான்கையும் அடுக்கி அளந்து, வயருக்கென்று 5 மி.மீ. கூட்டுங்கள். வயருக்கு இடம் விடாதவர்கள் பெட்டியை அழுத்தி மூடுகிறார்கள், திரையின் ரிப்பன் மடிந்து கிழிகிறது.

திரைக்கான ஓட்டையை அளவைவிட 2 மி.மீ. சிறியதாக வெட்டி, மீதியை அரத்தால் தேயுங்கள். சுழலும் கருவியில் வெட்டினால் வேகத்தைக் குறைத்து வையுங்கள், வேகம் அதிகமானால் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகி ஒட்டும். ஸ்பீக்கருக்கு 2 மி.மீ. துளைகள் பத்துப் பன்னிரண்டு போதும்.

கேசட்டைச் செருகும்போது முழு விசையும் போர்டில்தான் இறங்குகிறது. ஸ்லாட்டுக்கு நேர் கீழே ஒரு தூண் வைத்து போர்டை ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். ஹாட் க்ளூ மட்டும் நம்பினால் சில வாரத்தில் போர்டு விலகும், ஸ்லாட்டின் சால்டர் இணைப்புகள் விரியும். ஹாட் க்ளூவை வயர்கள் ஆடாமல் இருக்க மட்டும் பயன்படுத்துங்கள், டிபி4056 மேல் ஊற்றாதீர்கள்.

போர்டின் அடிப்பக்கம், செல் ஹோல்டர், திரையின் பின்பக்கம் மூன்றுக்கும் இடையே, ஒன்றோடு ஒன்று தொட்டு ஷார்ட் ஆகாமல் இருக்க, மின்சாரம் கடத்தாத காப்டன் டேப்போ மெல்லிய பிளாஸ்டிக் தாளோ போடுங்கள். மூடிக்கும் உடலுக்கும் இடையே ஓடும் வயர்களை 10 செ.மீ. கூடுதலாக விடுங்கள், அடுத்த முறை திறக்கும்போது அறுந்துவிடாமல் இருக்க.

ஒவ்வொரு பாகத்தைப் பெட்டியில் வைத்துத் திருகியதும் ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். கடைசி ஸ்க்ரூ போடுவதற்கு முன் சார்ஜர் வயரைச் செருகி, சிவப்பு விளக்கு எரிகிறதா, வெளியிலிருந்து அது கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள். டைப் சி உள்ள சில டிபி4056 மாட்யூல்கள் இரண்டு முனையும் டைப் சி ஆன வயரில் சார்ஜ் ஏறாது. அகன்ற யுஎஸ்பி முனை உள்ள வயரில் ஏறினால் மாட்யூல் நன்றாகத்தான் இருக்கிறது, மூடிவிடலாம்.